1912: கார்லைல் அணி ஆடிய 14 ஆட்டங்கள்

கேள்வி இதுதான்: "1912இல் கார்லைல் என்ற பூர்வகுடிப் பள்ளியின் அணி அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தையே புரட்டிப் போட்டது, ஜிம் தார்ப் தனி ஆளாக நின்று ராணுவக் கல்லூரி அணியை வீழ்த்தினார் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். இது எவ்வளவு நிஜம்? அந்த சீசன் உண்மையில் எப்படி நடந்தது?"

முக்கால்வாசி நிஜம். அந்த சீசனில் கார்லைல் 14 ஆட்டம் ஆடியது. 12 வெற்றி, ஒரு தோல்வி, ஒன்று சமன். எடுத்த புள்ளிகள் 504, விட்டுக்கொடுத்தவை 114. நவம்பர் 9 அன்று வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியை அதன் சொந்த மைதானத்திலேயே 27-6 என்று தோற்கடித்ததும் நிஜம். "தனி ஆளாக" என்ற இடத்தில்தான் உதைக்கிறது. அந்த ஆட்டத்தில் கார்லைல் போட்டது நான்கு டச்டவுன், அதாவது பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டியது நான்கு முறை. அதில் மூன்று அலெக்ஸ் அர்காசா என்ற ஹாஃப்பேக் (பந்தைக் கொண்டு ஓடும் ஆட்டக்காரர்) போட்டவை, நாலாவது ஜோ பெர்ஜி போட்டது. தார்ப் பேரில் அன்று டச்டவுனே கிடையாது. அவர் பந்தை உதைத்துச் சேர்த்த கூடுதல் புள்ளிகள் மட்டும்தான்.

இதைச் சொல்வதால் தார்ப்பைக் குறைத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அவர் அன்று ஆடிய ஆட்டம் அப்படி. ஆனால் அந்த அணியை ஒரு ஆளின் கதையாக மட்டும் பார்த்தால், அவர்கள் எப்படி ஜெயித்தார்கள் என்பதே புரியாமல் போய்விடும். அதனால் கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன்.

முதலில் ஆட்டம். இது நம் ஊரில் காலால் உதைத்து ஆடும் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவது, எதிரணி ஆளைக் கீழே தள்ளிப் பிடிப்பது. அந்த வகையில் கபடி தெரிந்தவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும். பந்து வைத்திருக்கும் அணி, குறிப்பிட்ட முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தோடு போனால் டச்டவுன். கம்பங்களுக்கு இடையே உதைத்து அனுப்பினால் ஃபீல்டு கோல், அதற்கு 3 புள்ளி.

இந்த ஆட்டம் 1905 வாக்கில் கிட்டத்தட்ட ஒரு மல்யுத்தமாக இருந்தது. கனமான ஆட்களைக் கும்பலாகச் சேர்த்து ஒரே இடத்தில் மோதி, இரண்டு மூன்று கெஜம் நகர்வது. இதுதான் உத்தி. அந்த ஒரே ஆண்டில் நாடு முழுவதும் 18 இளைஞர்கள் செத்துப்போனார்கள் என்று கணக்கு வெளியானது. ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்கே கூப்பிட்டுப் பேசினார். அதன் பிறகு 1906இல் விதிகள் மாறின. பந்தை முன்னோக்கி வீசலாம் என்று அனுமதி வந்தது. ஆனால் பாதி மனசோடு கொடுத்த அனுமதி அது. வீச்சு பிசகினால் கடுமையான தண்டனை, எங்கிருந்து வீசலாம் என்பதற்கும் கட்டுப்பாடு. அதனால் பெரிய கல்லூரிகள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பழைய மோதலே போதும் என்று இருந்தார்கள்.

கார்லைலுக்கு அப்படி இருக்க வழியில்லை. ஏன் என்று தெரிய, அந்தப் பள்ளியைப் பற்றித் தெரிய வேண்டும்.

பென்சில்வேனியா மாநிலத்தில் கார்லைல் என்ற சிற்றூரில் ஒரு பழைய ராணுவ முகாம் இருந்தது. 1879இல் ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற ராணுவ அதிகாரி அதை அமெரிக்கப் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளியாக மாற்றினார். அரசுப் பணத்தில் நடந்த பள்ளி. மேற்கே ஆயிரக்கணக்கான மைல் தொலைவில் இருந்த குடும்பங்களிடமிருந்து பிள்ளைகளை ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். வந்து இறங்கியதும் தலைமுடியை வெட்டினார்கள். சொந்தப் பெயரை எடுத்துவிட்டு ஆங்கிலப் பெயர் வைத்தார்கள். தாய்மொழியில் பேசினால் தண்டனை. "இந்தியனைக் கொல், மனிதனைக் காப்பாற்று" என்று பிராட் தன் கொள்கையை வெளிப்படையாகவே சொன்னவர். அவர் அதை ஒரு நல்ல காரியமாக நம்பினார் என்பதுதான் அதில் இன்னும் கசப்பான பகுதி. காசநோயிலும் மற்ற நோய்களிலும் பிள்ளைகள் இறந்தார்கள். அந்த வளாகத்திலேயே அவர்களுக்கு ஒரு கல்லறைத் தோட்டம் உண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கார்லைல் ஒரு கல்லூரியே இல்லை. அரை நாள் வகுப்பு, அரை நாள் தச்சு, தகரவேலை, தையல், அச்சுக்கூடம், வண்டி செய்வது என்று தொழில் பழக்கும் பள்ளி. வருஷத்தில் சில மாதங்கள் பிள்ளைகளை வெள்ளைக்காரர்களின் பண்ணைகளுக்கு வேலைக்கு அனுப்புவார்கள். பாடம் உயர்நிலைப் பள்ளி அளவைக்கூட முழுசாக எட்டாது. இப்படியொரு பள்ளிதான் ஹார்வர்டோடும் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தோடும் மோதியது. ஆனால் ஆட்டக்காரர்கள் எல்லாரும் சிறுவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 1912இல் தார்ப்புக்கு வயது 24 அல்லது 25. பிறந்த ஆண்டு 1887 என்றும் 1888 என்றும் இரண்டு விதமாகப் பதிவுகள் இருக்கின்றன. "இவர்கள் கல்லூரியும் இல்லை, மாணவர் வயதும் இல்லை" என்று எதிரணிகள் அப்போதே முணுமுணுத்தன. அந்த முணுமுணுப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பிராட்டுக்குக் கால்பந்து முதலில் பிடிக்கவில்லை. ஒரு பையனின் கால் உடைந்ததும் வெளியாட்களோடு ஆடுவதைத் தடை செய்தார். பிறகு மாணவர்கள் கூட்டமாக வந்து கெஞ்ச, இரண்டு நிபந்தனையோடு விட்டுக்கொடுத்தார். எதிராளி அடித்தாலும் திருப்பிக் கைநீட்டக் கூடாது. சில ஆண்டுகளில் நாட்டின் பெரிய அணிகளை ஜெயிக்கும் அளவுக்கு வளர வேண்டும். வெள்ளைக்காரப் பார்வையாளர்கள் முன்னால் ஒரு பூர்வகுடிப் பையன் கைநீட்டினால், அடுத்த நாள் பத்திரிகையில் எப்படி எழுதுவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

1899இல் கிளென் வார்னர் பயிற்சியாளராக வந்தார். "பாப்" வார்னர் என்றுதான் எல்லாருக்கும் தெரியும். நடுவில் மூன்று சீசன் விலகியிருந்துவிட்டு 1907இல் திரும்பி வந்து 1914 வரை இருந்தார். அவர் கையில் கிடைத்தது சின்ன அணி, எடை குறைந்த அணி. ஹார்வர்ட் மாதிரி இடங்களில் ஒருவருக்குக் காயம் பட்டால் உள்ளே வர வரிசையாக ஆள் நிற்பார்கள். கார்லைலில் அந்த வசதி இல்லை. கனத்துக்குக் கனம் மோதினால் தோல்வி நிச்சயம். அப்போ என்ன மிச்சம்? வேகமும் ஏமாற்று வித்தையும்.

ஏமாற்று என்றால் நிஜமாகவே ஏமாற்றுதான். 1903இல் ஹார்வர்டுக்கு எதிராக, எதிரணி உதைத்த பந்தைப் பிடித்ததும் கார்லைல் ஆட்கள் ஒரு கொத்தாகக் கூடினார்கள். உள்ளே ஜிம்மி ஜான்சன் பந்தை சார்லஸ் டில்லன் என்பவரின் ஜெர்சிக்குள், முதுகுப் பக்கம் செருகிவிட்டார். அதற்கென்றே இடுப்பில் எலாஸ்டிக் வைத்துத் தைத்த ஜெர்சி. கொத்து கலைந்து எல்லாரும் நாலா பக்கமும் ஓட, பந்து யாரிடம் என்று தெரியாமல் ஹார்வர்ட் ஆட்கள் தேடிக்கொண்டிருக்கும்போது டில்லன் கையை வீசிக்கொண்டு கோட்டைத் தாண்டினார். ஆட்டத்தை என்னவோ கார்லைல் 12-11 என்று தோற்றது. ஆனாலும் இன்றுவரை பேசப்படுவது அந்தத் தோல்விதான்.

1906இன் முன்வீச்சு விதி வந்ததும், அதை நிஜமாகக் கையில் எடுத்துக்கொண்ட முதல் அணிகளில் கார்லைல் ஒன்று. 1907இல் ஃபிராங்க் மவுன்ட் பிளசன்ட், பீட் ஹவுசர் இருவரும் பந்தைச் சுழலவிட்டு நீளமாக வீசப் பழகினார்கள். அந்த ஆண்டு பென்சில்வேனியாவை 26-6, ஹார்வர்டை 23-15, சிகாகோவை 18-4 என்று வென்றார்கள். பிரின்ஸ்டனிடம் மட்டும் தோற்றார்கள். என்னைக் கேட்டால் கார்லைல் "புரட்டிப் போட்ட" ஆண்டு 1912ஐவிட 1907தான். அப்போது தார்ப் புதுப் பையன், பெரும்பாலும் வெளியே உட்கார்ந்திருந்தவர்.

1911இல் தார்ப் முழு வீச்சில் வந்துவிட்டார். ஹார்வர்டை 18-15 என்று வென்ற ஆட்டத்தில், காலில் காயத்தோடு நான்கு ஃபீல்டு கோல் உதைத்தார். அந்த சீசனில் ஒரே தோல்வி, சிராக்யூஸிடம், அதுவும் ஒரே புள்ளியில்: 12-11.

அப்புறம் 1912. அந்தக் கோடையில் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் தார்ப் பென்டத்லான் (ஐந்து போட்டிகள் சேர்ந்தது), டெகாத்லான் (பத்து போட்டிகள் சேர்ந்தது) இரண்டிலும் தங்கம் வாங்கினார். அதே பள்ளியைச் சேர்ந்த ஹோபி இனத்து லூயி டெவானிமா 10,000 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வாங்கினார். ஊர் திரும்பியதும் கார்லைலிலும் நியூயார்க்கிலும் ஊர்வலம், வரவேற்பு. அமெரிக்காவுக்காக ஜெயித்து வந்த இவர்களின் மக்களில் பெரும்பாலானோருக்கு அப்போது அமெரிக்கக் குடியுரிமை கிடையாது. எல்லாருக்கும் என்று சட்டம் வந்தது 1924இல்தான்.

அதே ஆண்டு கால்பந்து விதிகளும் இன்னொரு முறை மாறின. எனக்கு இதுதான் அந்த சீசனின் சாவி. 10 கெஜம் போக முன்பு மூன்று முயற்சி, இப்போது நான்கு. டச்டவுனுக்கு 5 புள்ளி இருந்தது 6 ஆனது. மைதானம் 110 கெஜத்திலிருந்து 100 கெஜமாகச் சுருங்கி, இரண்டு முனையிலும் 10 கெஜம் சேர்க்கப்பட்டது. அந்தப் பகுதிக்குள் பந்தைப் பிடித்தாலும் டச்டவுன் உண்டு. முன்வீச்சுக்கு இருந்த 20 கெஜ வரம்பும் போய்விட்டது. ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள், எல்லாமே வேகமாக ஓடுகிற, பந்தை வீசுகிற அணிக்குச் சாதகம். நாலு முயற்சி இருப்பதால் ஒன்றைத் துணிந்து வீச்சுக்குச் செலவு செய்யலாம். மற்ற அணிகள் இந்த விதிகளைப் படித்துக்கொண்டிருந்தபோது, அதற்கேற்ற ஆட்டத்தைக் கார்லைல் ஐந்து வருஷமாக ஆடிப் பழகியிருந்தது.

சீசன் செப்டம்பர் 21 அன்று தொடங்கியது. முதல் நான்கும் பக்கத்துச் சிறு கல்லூரிகள். ஆல்பிரைட்டை 50-7, லெபனான் வேலியை 45-0, உள்ளூர்க் கல்லூரியான டிக்கின்சனை 34-0, வில்லனோவாவை 65-0. பன்னிரண்டே நாளில் நான்கு ஆட்டம். பெரிய கல்லூரிகள் வாரம் ஒரு ஆட்டம் ஆடிக்கொண்டிருந்த காலத்தில் கார்லைல் சில வாரம் இரண்டு ஆடியது. பெரிய ஆட்டங்கள் பெரும்பாலும் வெளியூரில். கார்லைல் ஊரில் எத்தனை பேர் டிக்கெட் வாங்கப் போகிறார்கள்? கூட்டம் வரும் ஊருக்கு அணியைக் கொண்டுபோய், வசூலில் பங்கு வாங்கினால்தான் காசு. அந்தக் காசு எங்கே போனது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

ஐந்தாவது ஆட்டம் அக்டோபர் 5, வாஷிங்டன் அண்ட் ஜெஃபர்சன் கல்லூரி. 0-0. அன்று தார்ப்பின் ஃபீல்டு கோல் உதைகள் ஒன்றும் விழவில்லை. 504 புள்ளி எடுத்த சீசனில் ஒரு முட்டை. தார்ப் ஒரு மனிதர்தான் என்பதற்கு இந்த ஆட்டத்தைத்தான் சாட்சிக்குக் கூப்பிட வேண்டும்.

அடுத்த வாரம் சிராக்யூஸ். போன வருஷத்து ஒரு புள்ளித் தோல்விக்குக் கணக்குத் தீர்க்க வேண்டியிருந்தது. மழை, சேறு. இந்த மாதிரித் தரையில் ஓரமாகச் சுற்றி ஓடும் கார்லைல் பாணி வழுக்கும். வார்னர் அதைப் புரிந்துகொண்டு தார்ப்பை நேராக நடுவில் மோதவிட்டார். 33-0. லேசான அணி என்றால் எப்போதும் ஓரமாகத்தான் ஓடும் என்று எதிரணி நினைத்திருக்கும்போது, நடுவிலும் மோத ஆள் இருந்தது அவர்களின் பலம். பிட்ஸ்பர்க் 45-8. அக்டோபர் 26 சனிக்கிழமை வாஷிங்டன் நகரில் ஜார்ஜ்டவுன் 34-20. அங்கிருந்து ரயிலேறி, திங்கட்கிழமை டொராண்டோ பல்கலைக்கழகத்தோடு ஆட்டம். 49-1. கார்லைலின் ஸ்கோர் பட்டியலைப் பார்ப்பவர்கள் எல்லாரும் அந்த ஒற்றைப் புள்ளியைக் கண்டு முழிப்பார்கள். அமெரிக்க ஆட்டத்தில் ஒரு அணி மொத்தமே ஒரு புள்ளி எடுப்பது நடக்காத காரியம். விஷயம் என்னவென்றால், அன்று பாதி ஆட்டம் அமெரிக்க விதிப்படி, பாதி கனடா விதிப்படி. கனடா ஆட்டத்தில் கோட்டுக்கு அப்பால் உதைத்த பந்தை எதிரணி வெளியே கொண்டுவர முடியாவிட்டால் ஒரு புள்ளி உண்டு. தெரியாத விதியில் ஆடியும் விட்டது அந்த ஒன்றைத்தான்.

நவம்பர் 2 லீஹை, 34-14. இப்போது வெஸ்ட் பாயின்டுக்கு வருவோம்.

இந்த ஆட்டத்துக்கு இருந்த வேறு அர்த்தத்தை விளக்கத் தேவையில்லை. வூண்டட் நீயில் அமெரிக்க ராணுவம் லகோட்டா மக்களைச் சுட்டுக் கொன்று 22 வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. கார்லைல் ஆட்டக்காரர்களின் தகப்பன், தாத்தா காலத்துச் சண்டைகள். எதிரே நிற்பவர்கள் நாளைய ராணுவ அதிகாரிகள். ஆட்டத்துக்கு முன் வார்னர் இதைச் சொல்லித்தான் பையன்களை உசுப்பினார் என்று கதை உண்டு. சொல்லியிருக்கலாம். சொல்லித்தான் அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை.

ராணுவ அணியில் ஹாஃப்பேக்காக நின்றவர் டுவைட் ஐசனோவர். ஆமாம், பின்னாளில் ஜனாதிபதியான அதே ஐசனோவர். அணித் தலைவர் லீலண்ட் டெவோர், நல்ல ஆகிருதியான ஆள், முந்தைய ஆண்டு நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்களின் பட்டியலான அகில அமெரிக்க அணிக்குத் தேர்வானவர். அவருக்கு நேரெதிரே கார்லைலின் ஜோ கயோன்.

அன்று வார்னர் ஆட்களை நிறுத்திய விதம் புதுசு. அதுவரை பந்தைக் கொண்டு ஓடும் ஆட்கள் முன்வரிசைக்குப் பின்னால் நெருக்கமாக நிற்பார்கள். ஓட்டம் எந்தப் பக்கம் வரும் என்று எதிரணி ஓரளவு கணித்துவிடும். வார்னர் இரண்டு ஹாஃப்பேக்கையும் வரிசையின் இரண்டு கோடிக்கும் தள்ளி நிறுத்தினார். பறவையின் இரண்டு சிறகு மாதிரி. அங்கிருந்து அவர்கள் குறுக்கே ஓடி வந்து பந்தை வாங்கலாம், வாங்குவது போலப் பாவனை செய்துவிட்டுப் போகலாம், இல்லை நேரே முன்னால் ஓடி வீச்சைப் பிடிக்கலாம். யார் கையில் பந்து என்று தெரிவதற்குள் ஓடுபவர் பத்து கெஜம் போயிருப்பார். குவாட்டர்பேக் கஸ் வெல்ச், விஸ்கான்சினைச் சேர்ந்த ஓஜிப்வே இளைஞர். களத்தில் அடுத்து என்ன என்று முடிவெடுத்தவர் அவர்தான். அந்தக் காலத்தில் பயிற்சியாளர் ஓரத்தில் நின்று உத்தி சொல்லக் கூடாது. அதனால் வார்னரின் மூளை என்று சொல்லும்போது பாதியை வெல்ச்சுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

எல்லாரும் தார்ப்பையே குறிவைத்தார்கள். ஐசனோவரும் இன்னொருவரும் சேர்ந்து அவரை இரண்டு பக்கமும் நெருக்கித் தள்ளிவிடத் திட்டமிட்டார்கள் என்பது பிரபலமான கதை. இரண்டு பேர் தார்ப்பின் பின்னால் ஓடினால் மறுபக்கம் காலி. அந்தக் காலியிடத்தில்தான் அர்காசா மூன்று முறை உள்ளே போனார். தார்ப் தான் ஓடியபோதும் முன்னேறினார், ஓடாதபோதும் ஆளை இழுத்தார். கயோனைச் சமாளிக்க முடியாமல் பொறுமை இழந்த டெவோர், அவர் மேல் பாய்ந்து தாக்கியதற்காக வெளியேற்றப்பட்டார். திருப்பிக் கைநீட்டாதே என்று பூர்வகுடிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்த நாட்டின் ராணுவக் கல்லூரி அணித் தலைவர்!

தார்ப் 92 கெஜம் ஓடி டச்டவுன் போட்டு, அது தவறென்று ரத்தாக, அடுத்த முறையே 97 கெஜம் ஓடி மறுபடியும் போட்டார் என்று ஒரு கதை உலவுகிறது. நீங்கள் பார்த்த காணொளியிலும் இருந்திருக்கும். அன்றைய பத்திரிகைச் செய்தியில் இருப்பது வேறு. ராணுவ அணி உதைத்த பந்தை அவர்களின் 45 கெஜக் கோட்டருகே பிடித்து, எதிரணி முழுவதையும் ஏய்த்து ஓடிக் கோட்டைத் தாண்டினார், சக ஆட்டக்காரரின் தவறால் அது ரத்தானது. அவ்வளவுதான். என் ரசனைக்கு அதுவே போதும். 45 கெஜத்தில் பதினோரு பேரைத் தாண்டுவது 97ஐவிட எந்த விதத்தில் குறைச்சல்?

ஐசனோவருக்கு முழங்காலில் பெரிய அடி பட்டது அடுத்த வாரம், டஃப்ட்ஸ் கல்லூரிக்கு எதிரான ஆட்டத்தில். அவர் கால்பந்து வாழ்க்கை அதோடு முடிந்தது. "தார்ப்தான் ஐசனோவரின் காலை முடித்தார்" என்பதும் காணொளிக் கதைதான். ஆனால் தார்ப் போன்ற ஆட்டக்காரரைத் தான் வேறெங்கும் பார்த்ததில்லை என்று ஐசனோவர் பல ஆண்டு கழித்து ஒரு உரையில் சொன்னது நிஜம்.

ராணுவத்தை வென்ற அடுத்த சனிக்கிழமையே, நவம்பர் 16, ஃபிலடெல்ஃபியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திடம் 34-26 என்று தோற்றார்கள். 26 புள்ளி எடுத்தும் தோல்வி. சீசன் முழுவதையும் பார்த்தால் காரணம் தெரியும். கடைசி எட்டு ஆட்டங்களில் ஏழில் எதிரணி ஏதோ ஒரு விதத்தில் புள்ளி எடுத்திருக்கிறது. புதிய விதிகளை மற்றவர்களும் கற்றுக்கொண்டிருந்தார்கள். கார்லைல் ஆட்களின் கால்களில் 11 ஆட்டக் களைப்பும் ரயில் பயணமும் இருந்தன. அடுத்த வாரம் ஸ்ப்ரிங்ஃபீல்டு பயிற்சிக் கல்லூரியோடு 30-24 என்று தட்டுத் தடுமாறி ஜெயித்தார்கள். கடைசி ஆட்டம் நவம்பர் 28, நன்றி நவிலும் நாள், பிராவிடன்ஸ் நகரில் பிரவுன் பல்கலைக்கழகம். பனி கொட்டிக்கொண்டிருந்தது. 32-0. தார்ப் கார்லைலுக்கு ஆடிய கடைசி ஆட்டமும் அதுதான். அந்த சீசனில் அவர் கணக்கில் வழக்கமாகச் சொல்லப்படுவது 25 டச்டவுன், 198 புள்ளி.

அந்த ஆண்டின் தேசிய சாம்பியன் கார்லைல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஹார்வர்ட் ஒன்பது ஆட்டத்திலும் வென்றிருந்தது, பென் ஸ்டேட் எட்டிலும் வென்றிருந்தது.

1913 ஜனவரியில் ஒரு மாசசூசெட்ஸ் பத்திரிகை, தார்ப் 1909, 1910 கோடைகளில் வட கரோலினாவில் சம்பளத்துக்கு பேஸ்பால் ஆடியதை வெளியிட்டது. சொற்பக் காசு. கல்லூரி மாணவர்கள் பலர் அப்போது அதைச் செய்தார்கள், பொய்ப் பெயரில். தார்ப் சொந்தப் பெயரில் ஆடினார். வார்னரும் பள்ளிக் கண்காணிப்பாளர் மோசஸ் ஃபிரீட்மனும் தங்களுக்கு எதுவும் தெரியாது என்று கைகழுவிவிட்டார்கள். இரண்டு கோடை தன் நட்சத்திர ஆட்டக்காரர் எங்கே போனார் என்று வார்னருக்குத் தெரியாதாம். காசுக்கு ஆடியவர் ஒலிம்பிக்கில் கலந்துகொள்ளக் கூடாது என்று சொல்லிப் பதக்கங்கள் பிடுங்கப்பட்டன. ஆட்சேபம் எழுப்ப விதிப்படி 30 நாள்தான் அவகாசம், அது எப்போதோ தாண்டியிருந்தது என்பதை யாரும் கவனிக்கவில்லை. 1982இல் இணைச் சாம்பியனாக்கினார்கள். முழுச் சாம்பியன் என்று ஒலிம்பிக் கமிட்டி அறிவித்தது 2022 ஜூலையில். அவர் இறந்தது 1953.

காசு விஷயத்துக்கு வருகிறேன் என்றேன். கால்பந்து வசூல் ஒரு தனி விளையாட்டு நிதியில் சேர்ந்தது, அதை வார்னரும் நிர்வாகமும் கையாண்டார்கள். முந்தைய ஆண்டுகளில் ஆட்டக்காரர்களுக்கும் அதிலிருந்து பணமும் கடைகளில் துணிமணி வாங்கக் கடன் வசதியும் கொடுக்கப்பட்டிருந்தது. பேஸ்பாலுக்காக தார்ப்பைத் தண்டித்தவர்கள் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பள்ளியின் சாப்பாடும் படிப்பும் மோசமாகிக்கொண்டிருக்க, அணிக்கு மட்டும் தனி விடுதி, தனிச் சாப்பாடு. இதை எதிர்த்துக் குரல் கொடுத்தவர் யார் தெரியுமா? அந்தத் தனிச் சாப்பாடு சாப்பிட்ட கஸ் வெல்ச். அவர் முன்னின்று எழுப்பிய மனுவில் இருநூறுக்கும் மேற்பட்ட மாணவர்கள் கையெழுத்திட்டார்கள். 1914 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு கார்லைலுக்கே வந்து விசாரித்தது. வார்னர் ஆட்டக்காரர்களைக் கேவலமான வார்த்தைகளால் திட்டுவார், அவருக்கு ஆட்டம் தவிர வேறெதிலும் அக்கறை இல்லை என்று வெல்ச் நேருக்கு நேராகச் சாட்சி சொன்னார். ஃபிரீட்மன் பதவி போனது. வார்னர் அந்த ஆண்டு இறுதியில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் போய், அங்கேயும் ஜெயித்து, பெரும் புகழோடு வாழ்ந்தார். ராணுவ அணிக்கு எதிராக வெல்ச் எடுத்த எந்த முடிவையும்விட எனக்கு இந்தச் சாட்சியம் பெரிதாகப் படுகிறது. ஒரு குவாட்டர்பேக் தன் கோச்சுக்கு எதிராக நாடாளுமன்றக் குழுமுன் பேசுவது இன்றைக்குக்கூட சாமானியமாக நடக்காது. அவர் பிறகு டிக்கின்சனில் சட்டம் படித்தார், வாஷிங்டன் ஸ்டேட் கல்லூரியில் பயிற்சியாளராகவும் இருந்தார்.

வார்னர் போன பிறகு கார்லைல் கால்பந்து சீக்கிரமே நொறுங்கியது. 1918இல் பள்ளியே மூடப்பட்டு, முதல் உலகப் போரில் காயம்பட்ட சிப்பாய்களுக்கு மருத்துவமனையாக ராணுவத்தின் கைக்குத் திரும்பியது. 1951 முதல் அங்கே இருப்பது ராணுவ உயர்கல்வி நிறுவனம். கல்லறையில் இருக்கும் பிள்ளைகளின் எச்சங்களை 2017 முதல் கொஞ்சம் கொஞ்சமாக அவரவர் இனத்தாரிடம் ஒப்படைத்துவருகிறார்கள்.

கயோன் பின்னர் ஜார்ஜியா டெக் அணிக்கு ஆடினார். தார்ப் 1920இல் தொடங்கிய தொழில்முறைக் கால்பந்துச் சங்கத்தின் முதல் தலைவரானார், இன்றைய தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். அதிலிருந்து வந்ததுதான். இருவரும் 1922, 1923இல் ஓஹையோவில் ஊராங் இந்தியன்ஸ் என்ற அணியில் சேர்ந்து ஆடினார்கள். நாய் வளர்த்து விற்கும் ஒருவர் தன் வியாபார விளம்பரத்துக்காக நடத்திய அணி அது. ஆட்ட இடைவேளையில் நாய்களை வைத்து வித்தை காட்ட வேண்டியதும் ஆட்டக்காரர்கள் வேலை.

அந்தக் காணொளியைப் போட்டவருக்குப் பின்னூட்டம் எழுதுவதாக இருந்தால், 97 கெஜத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அர்காசாவின் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள்.